ஏரிக்கும் புல்லுக்கும் ஒரே பெயர்

மார்ச் 4
இன்று எங்கள் கணினி விளையாட்டின் ஏரியில் முதல் அலை எழுந்தது. மூன்று மாதமாகத் தகரம்போலக் கிடந்த தண்ணீர். பின்லாந்தில் மெர்யா என்று ஒருத்தி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் விட்டிருக்கும் ஷேடர் தொகுப்பு. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம், எவ்வளவு ஒளி என்று சொல்லும் சின்னச் சின்ன நிரல்கள். காசு கேட்கவில்லை. முகம் தெரியாதவள் எங்கள் நாட்டு இசிக்-குல் ஏரிக்கு அலை கொடுத்திருக்கிறாள்.

மார்ச் 5
நாள் முழுக்க அலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11
ஏரி பச்சையாகிவிட்டது! நீர்ப்பச்சை அல்ல, அசல் புல்பச்சை. புல்வெளி திரைக்கு வந்ததும் ஏரியும் அதே நிறத்துக்குப் போகிறது. புல்வெளியைச் செய்யும் உலார்பெக்குக்கு ஒரே சிரிப்பு.

"பெகாயிம், உன் ஏரியில ஆடு மேய விடலாம் போலிருக்கே!"

சோல்பொன் அக்கா சிரிக்கவில்லை. இந்தச் சின்ன நிறுவனம் அவருடையது. "இருபத்தஞ்சாம் தேதி அல்மாத்தி கண்காட்சிக்கு அனுப்பியாகணும்மா. அதுக்குள்ள சரியாகலேன்னா ஏரி அத்தியாயத்தையே எடுத்துடுவோம்."

எடுத்துவிடுவதா? ஒரு வருடம் அக்கா, என் ஒரு வருடம்.

மார்ச் 13
பொதுவில் ஒரு வரிகூட எழுதியிராத நான், தொகுப்பின் பக்கத்தில் எல்லோரும் பார்க்க எழுதிவிட்டேன்: "உங்கள் தொகுப்பில் பிழை." கோபத்தில் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 15
மெர்யாவின் பதில். "இங்கே நீலமாகவே இருக்கிறது. உங்கள் பக்கத்தில் அந்த நிறத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?"

பெயரில் என்ன இருக்கிறது? எரிச்சல்தான் வந்தது.

மார்ச் 16
பெயரில்தான் இருந்தது.

நானும் உலார்பெக்கும் சேர்ந்து பயன்படுத்தும் நிறப் பட்டியலில் ஏரியின் நிறத்துக்கு 'கொக்' என்று வைத்திருந்தேன். அவன் புல்லின் நிறத்துக்கும் 'கொக்' என்றே வைத்திருக்கிறான். எங்கள் பேச்சில் வானம் கொக், ஏரி கொக், இளம்புல்லும் கொக். யாரும் குழம்புவதில்லை. கணினிக்கு மட்டும் ஒரு பெயருக்கு ஒரு நிறம்தான். கடைசியாக யார் சொன்னாரோ அது.

"புல்லுக்கு கொக்னு வைக்காம வேற என்னன்னு வைப்பாங்க?"

"அப்போ ஏரிக்கு நான் என்னடா வைக்கிறது?"

"நீதான் அத்தனை புத்தகம் படிச்சிருக்கியே, வேற வார்த்தை கிடைக்கலியா?"

அக்கா எட்டிப் பார்க்கும்வரை சிரித்தோம். ஐந்து நிமிடத்தில் ஏரி நீலம். ஆனால் நான் எழுதியது அங்கேயே நிற்கிறது. அழித்துவிடலாமா? யாருக்குத் தெரியப்போகிறது— மெர்யாவுக்குத் தெரியும். அழிக்கவில்லை. நடந்ததை அதற்குக் கீழேயே எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 21
நோரூஸ், எங்கள் வசந்தப் புத்தாண்டு. கையில் முளைக்கோதுமைக் கூழான சுமோலோக் கிண்ணத்தோடு மெர்யாவின் பதிலைப் படித்தேன். "மன்னிப்பு வேண்டாம். தண்ணீர் நிறம் மாறுகிறது என்று நான்கு வருடத்தில் பலர் எழுதினார்கள். காரணத்தைத் திரும்பி வந்து சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் எச்சரிக்கும்படி ஏதாவது எழுதித் தருவீர்களா?"

நானா?

மார்ச் 24
எச்சரிக்கைக்குப் பதினோரு வரி நிரல். அதற்கு மூன்று நாள். புனைபெயரில் அனுப்ப நினைத்தேன். கடைசியில் சொந்தப் பெயரையே போட்டேன்.

மார்ச் 25
விளையாட்டை அனுப்பினோம். ஏரியோடு.

ஏப்ரல் 6
அல்மாத்தி. ஒரு பெண்மணி திரையில் விரல் வைத்துவிட்டு, நனைந்ததா என்பதுபோல் விரலைப் பார்த்தார். அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். இன்னும் வலிக்கிறது, வலிக்கட்டும்.

ஏப்ரல் 19
தொகுப்பின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. என் பதினோரு வரியும் உள்ளே. விளக்கக் குறிப்பில் உதாரணத்துக்கு மெர்யா வைத்திருக்கும் பெயர்: கொக்.

அதன் கீழே பெருவிலிருந்து யாரோ: "இந்த எச்சரிக்கை என் ஒரு வாரத்தைக் காப்பாற்றியது. நன்றி, பெகாயிம்."

மூன்று முறை படித்தேன். பிறகு, இம்முறை வணக்கம் சொல்லி, பதில் எழுதினேன்: "உங்கள் பக்கத்தில் அந்த நிறத்துக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள்?"