வெயில் படாத இடம்

குமுதவல்லியின் கைகளில் லேசர் அடித்து முடியை எடுத்த கிளினிக்கில், கொஞ்ச நாளைக்கு வெயிலே படக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். "ரப்பர் தோட்டத்துல பொறந்தவளுக்கு வெயிலு ஆகாதாமே!" என்று புருஷன் தனபாலன் நேற்று விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

காலையில் அவள் இன்னும் எழவில்லை. லுக்குட் ஊரிலிருக்கும் பட்டறைக்குக் கிளம்புமுன் அவன் கார் சாவியை அரிசி டின் மேல் வைத்துவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்து எழுதினான்.

"மகாராணிக்கு,

நெத்திலி சம்பல் சட்டியில இருக்கு. ஒறப்பு கூடிப்போச்சு, கோவத்துல போட்டதில்ல.

காடிய நீ எடுத்துக்க, சாவி அரிசி டின்னு மேல. செனாவாங் வரைக்கும் வேலைக்கு மோட்டார்ல போனா கை கறுத்துடும், அப்புறம் அடுத்த தடவ லேசர் அடிக்க மாட்டாங்கன்னு நீதான சொன்ன? மோட்டார்ல நான் போயிக்கிறேன் லா. என்னயத்தான் வெயிலுக்கு நல்லாத் தெரியுமே.

காடி கண்ணாடி வழியாவும் வெயில் அடிக்கும், முழுக்கைச் சட்ட போட்டுக்க. நேத்து சிரிச்சத மனசுல வச்சிக்காத."

சீட்டைச் சட்டி மூடிக்கு அடியில் செருகிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தான். சுவர்க் கண்ணாடியில் அவன் காது தெரிந்தது. அதில் மண்டிக் கிடக்கும் முடியைக் குமுதா கிண்டலடிக்காத நாளில்லை. திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் நுணுக்கினான்:

"அடுத்த தடவ கிளினிக் போறப்ப, காதுக்கும் அடிப்பாங்களான்னு கேட்டு வை. ஹெல்மெட் இருக்கு, வெயில் படாது. யாருக்குன்னு கேட்டா, தெரிஞ்ச ஒருத்தருக்குன்னு சொல்லு."