இரண்டாவது அட்டை

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், நீயும் சுகம்தான் என்று போனில் சொல்கிறாய், அதை நம்புகிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்கிறாயே அதை மட்டும் நம்பவில்லை. திங்கட்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கொஞ்ச நாளைக்கு எழுதவோ படிக்கவோ கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நான் சொல்வதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். (அண்ணா, சத்தியம் அம்மாவுடையது, பேனா என்னுடையது. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். அம்மாவால் இப்போதைக்குப் படித்துப் பார்க்க முடியாது என்பதை நினைவில் கொள்.)

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும், நீயும் லைன் சரியில்லம்மா கேக்கலம்மா என்று வைத்துவிடுவாய். போன தடவை நீ இரண்டு விஷயம் பேசினாய். அட்டை காட்டினால்தான் உள்ளே விடும் அந்த ஊரோரத்து மொத்தக் கடையில் நம் வீட்டு வருஷச் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறதே, அதில் இரண்டாவது அட்டை உன் பெயரில் இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள், நான்தான் அங்க இல்லையே எதுக்கும்மா தண்டமா என்றாய். அப்புறம், உன் ஊரிலும் அதே மாதிரி ஒரு கடை இருக்கிறது, பணம் கட்டிச் சேர்ந்தால் கட்டுப்படியாகுமா, ஒற்றை அட்டை வாங்கலாமா இரட்டை அட்டை வாங்கலாமா என்று கேட்டாய். நீ கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும், நீ சொன்னதைச் செய்யத்தான் மனசு வரவில்லை. அந்தக் கடையில் இரண்டாவது அட்டை ஒரே வீட்டில் வசிப்பவருக்கு மட்டும்தான். நீ கிளம்பிப் போன பிறகும் ஒவ்வொரு வருஷமும் கவுன்டரில் கேட்பார்கள், இவர் உங்கள் வீட்டில்தானே இருக்கிறார் என்று. நானும் ஆமாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். பொய் சொல்கிறோம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதே இல்லை.

சேர்ந்த அன்று நடந்த கூத்து உனக்கு ஞாபகம் இருக்கிறதா. அப்பா ஓட்டும் பள்ளிக்கூட வேனில் போய் இறங்கினோம், உள்ளே போகவே காசு கட்டணும் என்றதும் அப்பா வாசலிலேயே நின்று, சினிமாவா காட்டுறாங்க உள்ளே என்று கேட்டார். அட்டைக்குப் போட்டோ எடுக்க நீ விறைப்பாக நின்றாய், இந்த வாலு சரியாக அந்த நேரம் பார்த்து உன் காலை மிதித்தாள், அட்டையில் நீ வாயைப் பிளந்துகொண்டு நின்றாய். அதற்கப்புறம் வாசல் காவலாளி ஒவ்வொரு தடவையும் உன்னை நிறுத்தி, தம்பி, வாயைத் திற, அப்பதான் நீதானான்னு தெரியும் என்பார், நீயும் திறந்து காட்டிவிட்டு உள்ளே போவாய். அன்றைக்கு வாங்கின நீலப் பல் துலக்கிகளை மறக்க முடியுமா. ஒரே பெட்டியில் அத்தனையும் ஒரே நீலம். யாருடையது எது என்று தெரியாமல் காலையில் குளியலறை வாசலில் பஞ்சாயத்து நடக்கும். தரை துடைக்கும் திரவம் கேனில் வந்தது, தண்ணீர் கலந்து ஊற்றணும் என்று படிக்காமல் அப்பா அப்படியே ஊற்ற, நுரை படி இறங்கித் தெருவரைக்கும் போனது, நீங்கள் இரண்டு பேரும் கூடத்தில் சறுக்கி விளையாடினீர்கள், நான் விளக்குமாற்றோடு கத்திக்கொண்டே சிரித்தேன். திரும்பி வரும்போது வேனில் குழந்தைகள் உட்காரும் சீட்டில் சோப்புப் பெட்டிகளை உட்கார வைத்து பெல்ட் போட்டுவிடுவார் அப்பா. (கடையில் வண்டியைத் தள்ளுவது நான், மூட்டையோடு படி ஏறுவது அப்பா, இதற்குப் பெயர்தான் தள்ளுபடி.)

லாபமா என்று கேட்டால் என்ன சொல்வேன். சலவைத்தூள், எண்ணெய், சோப்பு இவற்றில் லாபம் உண்டு, ஓட்டல் சலவைப் பிரிவில் இத்தனை வருஷம் வேலை பார்க்கிறவளுக்குத் தூளின் விலை தெரியாதா. ஆனால் கட்டின சந்தாவை எடுத்தாகணும் என்று ரொட்டி, முட்டை, பால் என்று அள்ளிக்கொண்டு வருவோமே, அதில் பாதி குப்பைக்குத்தான் போகும். வாங்கினதை வைக்க அலமாரி, அலமாரியை வைக்க இடம். (அட்டை என்றால் ரத்தம் உறிஞ்சும் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, இந்த வீட்டில்தான் யாரும் படிப்பதில்லை.) நீ இருந்தவரை அதெல்லாம் தெரியவில்லை, நீயும் உன் சினேகிதர்களும் நின்ற வாக்கிலேயே ஒரு பெட்டி பிஸ்கட்டைக் காலி செய்வீர்கள். இப்போது எல்லாம் உன் அறையில் அடைந்து கிடக்கிறது. போன மாதம் இவள் என்ன செய்தாள் தெரியுமா, உன் கட்டிலில் டிஷ்யூ சுருள் மூட்டைகளை நீளமாகப் படுக்க வைத்து, உன் பழைய போர்வையைப் போர்த்தி, அப்பா, அண்ணன் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டான், தூங்குறான் என்றாள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடினார். போர்வையை இழுத்துப் பார்த்தவர் திட்டவில்லை, திரும்பப் போர்த்திவிட்டு வந்தார். (இதில் நான் சேர்க்க எதுவும் இல்லை.)

போன சனிக்கிழமை சந்தாவைப் புதுப்பிக்க மூன்று பேரும் போனோம். கவுன்டரில் ஒரு சின்னப் பெண், கழுத்தில் இரண்டு பேனா தொங்கவிட்டிருந்தாள், வழக்கம்போல, இவர் உங்க வீட்டிலதான் இருக்காராம்மா என்று கேட்டாள். ஆமாம் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீ சொன்னது ஞாபகம் வந்து சொல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. உன் தங்கைதான், இல்லக்கா, அவன் போன்லதான் குடியிருக்கான் என்றாள். அந்தப் பெண் சிரித்தாள், பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பிலேயே எடுத்துடும்மா என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான், முடிந்தது. அந்த இடத்தில் இவள் பெயரைச் சேர்த்துப் போட்டோ எடுத்தார்கள், ஒழுங்காக வாயை மூடிக்கொண்டு நின்றாள், காலை மிதிக்கத்தான் ஆள் இல்லை. நான் நேராகப் போய் விற்பனைக்குப் போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்திரு, இன்னும் கொஞ்சம் உக்காந்தா இதையும் நம்ம தலையில கட்டிடுவாங்க என்றார்.

கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, கவலைப்படாதீங்கம்மா, உங்க பையன் ஊருக்கு வந்தா விருந்தாளியாக் கூட்டிட்டு வரலாம், ஒரு அட்டைக்கு ரெண்டு விருந்தாளி வரலாம் என்றாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பெற்றவளுக்குப் பிள்ளை விருந்தாளியா. வண்டியில் வரும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து, உன் அறையில் சாமான்களை இறக்கி வைக்கும்போதுதான் மனசு வேறு பக்கம் திரும்பியது. ஒண்டி ஆள், தனி அறை, இவனுக்கு எதற்கு இரட்டை அட்டை யோசனை வந்தது? அப்பாவிடம் கேட்டேன், எனக்கென்ன தெரியும் என்றார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். (எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. இதற்கு உனக்குத் தனியாகச் செலவு உண்டு.)

அதனால் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தனியாள் என்றால் சேராதே, பக்கத்துக் கடையில் கால் கிலோ அரைக் கிலோ என்று வாங்கிச் சாப்பிடு. இரண்டு பேர் என்றால் யோசிக்காமல் சேர்ந்துகொள், லாபம் வராவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் சேர்ந்தது லாபத்துக்கு என்றா நினைக்கிறாய். ஒரே வீட்டில் இருப்பவர்களா என்று அங்கேயும் கவுன்டரில் கேட்பார்கள். கடைக்காரனிடம் சொல்வதற்கு முன்னால் எங்களிடம் சொல்லிவிடு. நான் கோபப்படுவேன் என்று பயந்துதானே உன் பெயரை எடுக்கச் சொல்லிச் சுற்றி வளைத்தாய். கோபம் எல்லாம் கவுன்டரிலேயே தீர்ந்துவிட்டது.

நீயும் அவளும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் கையை ஒருவர் விடாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் அவள் பெயரை எழுதி அனுப்பு, என்ன சாப்பிடுவாள் என்பதையும் எழுது. வரும்போது இரண்டு பேராக வாருங்கள். உன் கட்டிலைக் காலி செய்ய இவளிடம் சொல்லிவிட்டேன்.

என்றும் உன்
அம்மா

(பார்த்து, கேட்டு, கூட்டிக் குறைக்காமல் எழுதியது: தங்கை. கடைசிப் பத்தியை அம்மா இரண்டு தடவை திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தேன். கட்டிலைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டேன், அப்பாவும் மூட்டை தூக்குகிறார். பெயரைச் சீக்கிரம் அனுப்பு, அண்ணி அண்ணி என்றே எத்தனை நாள் கூப்பிடுவது.)