அவரை எழுப்பாமல் முடித்த கேம்

ஐப்பசி 14, செவ்வாய், ராத்திரி.

இன்று எனக்கு லீவு. மத்தியானம் அந்த போன் கேமை நானே முடித்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

எனக்குப் பேக்கிங்கில் பகல் ஷிப்ட். அவர் ஒரகடத்தில் கம்பெனி கேட்டில் ராத்திரி ஷிப்ட். ஆறு மாசமாக அந்த கேமில் ஒரே வீரனைப் பகலில் அவர் ஓட்டுவார், சாயங்காலம் நான் ஓட்டுவேன். காலையில் அவர் வந்து நான் கிளம்பும் பத்து நிமிஷமும் இதே பேச்சுதான்.

"இன்னாய்யா, நேத்தும் ஆத்துல வுழுந்து செத்தியா?" என்பேன்.

"நீ மட்டும் இன்னாமே, குதிரைய பள்ளத்துல வுட்டவதானே!" என்பார். நான் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுவேன்.

கடைசி அரக்கனைச் சேர்ந்தே அடிக்கலாம், எழுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் இன்று படுத்தார். ஓவர்டைம் பார்த்த அலுப்பு, ஒரே குறட்டை. சும்மா அந்த அரக்கனின் கோட்டைக்குள் எட்டிப் பார்க்கலாமென்று போனேன். மூன்றாவது தடவையில் அரக்கன் விழுந்துவிட்டான். வீரன் ஊர் திரும்பினான், பாட்டு வந்தது, யார் யார் பேரோ ஓடியது. அப்புறம் ஆட ஒன்றுமில்லை.

சாயங்காலம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டே கேட்டார். "அவன் இன்னும் கோட்டை வாசல்லதானே நிக்கிறான்?"

"ஆமா, உனக்காவதான் காத்துகினு கீறான்" என்றேன். சிரிப்பு வரவில்லை.

காலையில் சொல்லிவிடப் போகிறேன். நன்றாகத் திட்டுவார், திட்டட்டும். அந்தப் பத்து நிமிஷம் அதிலேயே போய்விடும். அதற்கடுத்த காலையில் என்ன பேசுவோமென்றுதான் தெரியவில்லை. குழம்பு நல்லா இருந்துச்சா என்று கேட்டால் "ஆங்" என்பார். அதோடு சரி.