கண்ணால் நடந்தவர்

8-7-68, திங்கள்

காலையில் தூறல். ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் நாற்பது பாக்கி.

மாமனார் மறுபடி விழுந்துவிட்டார். தொட்டியருகே, முகம் கழுவும்போது. நெற்றியில் கீறல். தரை வழுக்குகிறதாம். சொரசொரப்பான கருங்கல்!

என் வீட்டுக்காரர் கோபத்தில் தன் அப்பாவின் செருப்பை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இனி தனியாக வெளியே போகக் கூடாதாம். கடத்தூரைச் சுற்றி முப்பது வருடம் நடந்தே தபால் கொடுத்த மனிதர் மாமனார். மதியம் களியைத் தொடவில்லை.

10-7, புதன்

தருமபுரி. லேடி டாக்டர் அவசரமே படவில்லை. படுக்கவைத்து, நிற்கவைத்து, இரண்டு தடவை பிரஷர். சரியாக இருந்தது. தலை சுற்றுமா? நினைவு தப்புமா? என்ன மாத்திரை? எல்லாவற்றுக்கும் இல்லை. எப்போதெல்லாம் விழுந்தார் என்று என்னைக் கேட்டார். சொன்னேன்:

முகம் கழுவும்போது, இருமுறை.
பனியனைத் தலைவழியே கழற்றும்போது.
கோவிலில், கும்பிட்டபடி.
கரண்ட் போனபோது.

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. எல்லாமே கண் மூடிய நேரம், அல்லது இருட்டு.

பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். மாமனார் தூண் மாதிரி நின்றார். கண்ணை மூடியதும் ஆட ஆரம்பித்தார். டாக்டர் பிடித்துக்கொண்டார்.

பிறகு இசைக்கவை. ஒலிப் பாடத்துக்கு நான் எடுத்துப்போகும் அதே சாமான். அதிரும்படி தட்டி, மாமனார் கணுக்காலில் வைத்தார். "என்ன தெரியுதுங்க ஐயா?"

"இரும்புங்க. சில்லுன்னு இருக்குது."

என் கணுக்காலில் வைத்தார். எலும்பெல்லாம் ரீங்காரம். மாமனாருக்கு அது இல்லவே இல்லை.

"தரை எங்க இருக்குன்னு கால் சொல்றதில்லைம்மா இவருக்கு. கண்ணுதான் சொல்லிட்டிருக்கு."

பத்து வருடம் முன்பு புண்ணுக்காக வயிற்றில் பாதியை எடுத்தார்களே, அதனால் ஒரு சத்து உடம்பில் சேராமல் போயிருக்கலாமாம். ரத்தம் எடுத்தார்கள். வயிற்றுக்கும் பாதத்துக்கும் இப்படி ஒரு வழி! ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. கால் உணர்வு எவ்வளவு திரும்பும், சொல்ல முடியாது. பகலில் தடியோடு நடக்கலாம். கண்ணை மூடினால் மட்டும் யாரையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு எலும்பே முறியலாம்.

செருப்பு திரும்பக் கிடைத்தது.

பஸ்ஸில், "வூட்டுப் பொம்பளையப் புடிச்சிக்கிட்டா மூஞ்சி கழுவறது?" என்று மாமனார் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

12-7, வெள்ளி

மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன். மாமனாருக்கு இரண்டாவது ஊசி; மருந்து குங்குமச் சிவப்பு.

வகுப்பில் நானே பாதம் சேர்த்துக் கண் மூடி நின்று பார்த்தேன். உள்ளங்கால் ஓயாமல் வேலை செய்கிறது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், விரல் நுனி. நாற்பத்து மூன்று வயதுவரை இது எனக்குத் தெரியாது. "டீச்சரு சாமி கும்புடறாங்கடி" என்று கடைசி பெஞ்சில் ஒருத்தி.

மாமனார் தனக்கே தெரியாமல் எத்தனை மாதம் கண்ணாலேயே நடந்திருக்கிறார்.

14-7, ஞாயிறு

வெயில். இவர் மொரப்பூர் போயிருக்கிறார். தொட்டியருகே மாமனார், முகமெல்லாம் சோப்பு. ஓர் அடி தள்ளி, வேறு பக்கம் பார்த்து நின்றேன். இருபத்திரண்டு வருடத்தில் என் கையிலிருந்து டம்ளர்கூட வாங்கியதில்லை. கீழே வைப்பேன், எடுத்துக்கொள்வார்.

உடம்பு ஆடியது. ஒரு கை காற்றில் தேடியது. தோளைக் கொண்டுபோய் அதன் கீழே வைத்தேன். பிடித்தார். இறுக்கமாக.

"ஏம்மா, நான் நேராத்தான நிக்கறேன்?"

"நேராத்தான் நிக்கறீங்க மாமா."