பின்னறைக் கதவு

2024 ஜூன் 11, செவ்வாய்

விடாத மழை. உலர்ந்த போர்வை தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன், அடியில் அந்த ஆங்கிலச் சொற்புத்தகம் கிடந்தது. சென்னையில் எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்தபோது வாங்கியது. ஏ முதல் டி வரை கரையான் தின்றிருக்கிறது. முகப்பில் என் கையெழுத்து: 'அமுதம். ஜி.ஆர்.ஈ., டிசம்பர் 1999.' வெளிநாட்டில் மேல்படிப்புக்கான தேர்வு. அந்த டிசம்பரில் எனக்குக் கல்யாணம் நடந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

ஈ-யிலிருந்து நான்கு பக்கம் படித்தேன். எதற்கு?

ஜூன் 14

இந்தச் சொற்களை யார், யாரிடம் பேசுகிறார்கள்? அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஆங்கிலத்தில்தான் கோப்பு எழுதுகிறேன். இதில் ஒன்றைக்கூடப் பயன்படுத்தியதில்லை. பிழைக்கத் தேவையில்லாத ஆங்கிலம் என்று மூடி வைத்தேன். சாப்பிட்ட பிறகு மறுபடி எடுத்தேன்.

ஜூன் 20

அயோவாவில் ஒரு பல்கலைக்கழகம். பயிர்க் கணக்கெடுப்புக்கென்றே தனிப் படிப்பு, இரண்டு வருஷம். அந்தத் தேர்வின் மதிப்பெண் கேட்கிறார்கள். வயது வரம்பு ஏதாவது போட்டிருக்கிறதா என்று மூன்று முறை தேடினேன். போடவில்லை.

இந்தத் தீவுகளில் பாக்கும் தேங்காயும் எவ்வளவு விளைகிறது என்று ஒவ்வொரு வருஷமும் ஓர் எண் எழுதி அனுப்புகிறேன். அது சரியா என்று கேட்பவர் இல்லை. நான் கேட்டால் பதில் சொல்லவும் ஆள் இல்லை. ஒரு வகுப்பில் உட்கார்ந்து, தப்பு என்று யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் எனக்கு. நாற்பத்தெட்டு வயதில் என்ன ஆசை இது!

ஜூலை 2, திக்லிபூர்

பாக்குத் தோட்டக் கணக்கெடுப்பு. பழைய படிவங்களை வெட்டி, பின்பக்கத்தில் சொல் எழுதிய சீட்டுகள் கைப்பையில். பேருந்தில் வாய் அசைந்திருக்கிறது போல. பக்கத்து இருக்கை வங்காளத்து அம்மாள் இந்தியில், பூஜை மந்திரமா தீதி என்று கேட்டார். ஆமாம் என்றேன். இறங்கும்போது என்னைக் கும்பிட்டார். வெட்கமாகிவிட்டது.

ஜூலை 10

இன்றைய சீட்டில் 'லகோனிக்'. சிக்கனமாகப் பேசுபவர். பொருள் பார்க்காமலே நினைவில் நிற்கும், எதிரே என் வீட்டுக்காரர் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஜஸ்டின் ஜங்லிகாட் படகுத்துறையில் டிங்கிப் படகுகளின் எஞ்சின் பழுதுபார்க்கிறார். எஞ்சினோடு பேசுவார் என்று ஆட்கள் சொல்கிறார்கள். வீட்டில் இன்று பேசியது: "உப்பு", "கரண்ட் போச்சா", "படுக்கேன்".

சீட்டுக் கட்டு மேசையிலேயே இருக்கிறது. என்ன என்று கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்கவில்லை.

ஜூலை 19

தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கேமராவில் அறை முழுவதும் காட்ட வேண்டும். இரண்டு காதும் தெரிய வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். வேறு யாரும் உள்ளே வரக்கூடாது, வந்தால் தேர்வு ரத்து.

இந்தக் குவார்ட்டர்ஸில் பின்னறைக் கதவு மழைக்காலத்தில் சாத்தாது. ஊறிப்போய் நிலையில் இடிக்கும், நான்கு விரல் திறந்தே நிற்கும். பதினொரு வருஷமாக அப்படித்தான். யாருக்கும் சாத்த வேண்டிய தேவை வரவில்லை.

27-ஆம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து. அவர் பட்டறையில் இருப்பார். மதியம் இரண்டுக்கு முன்னால் வந்ததே இல்லை. புள்ளிவிவரம் என் பக்கம்.

ஜூலை 27, சனி

சீட்டுகளை மடித்து அடியில் செருகி, கேமராவுக்குச் சாத்தியது போலத் தெரியும்படி கதவை நிறுத்தியிருந்தேன். முதல் பாகம் நன்றாகப் போயிற்று. இரண்டாவதில் ஏழாவது கேள்வி. தெரிந்த சொல். கை மவுஸின் மேல்.

கதவு தள்ளப்பட்டது. தலை முழுக்க ஈரம், கையில் குடை.

"ஏளா அமுதா, சோறு ஆயிட்டா? கடல் கெட்டுக் கிடக்கு, ஒரு டிங்கியும் வரல—"

கணினியிலிருந்து தேர்வைக் கண்காணிக்கும் பெண்ணின் குரல், அறையில் இன்னொருவர் இருக்கிறார் என்றது. அவர் குடையோடு பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யாருளா அது? யாரு பேசுதா?"

அவ்வளவுதான். திரை போய்விட்டது. நான் கத்தினேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கதவத் தட்டிட்டு வந்தா என்ன என்று. அவர் தட்ட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னேனா? சொல்லவே இல்லையே. இருபத்தைந்து வருஷமாகச் சொல்லவே இல்லையே.

எல்லாம் சொன்னேன். புத்தகம், டிசம்பர், அயோவா. அவர் ஈரத்தோடு நின்றுகொண்டே கேட்டார். பிறகு சமையலறைக்குப் போய்த் தானே போட்டுச் சாப்பிட்டார்.

ஜூலை 28

சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. அவர் மட்டும் போனார்.

ஆகஸ்ட் 5

பேச்சில்லை. கோபமா, யோசனையா? இவரிடம் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பெங்களூரிலிருந்து பெனிட்டா கூப்பிட்டாள். "அம்மா, அப்பா எனக்கு போன் பண்ணாரு. ஜி.ஆர்.ஈ.ன்னா என்னட்டின்னு கேட்டாரு. அவரா போன் பண்ணி நான் பார்த்ததே இல்ல. என்னம்மா நடக்குது அங்க?"

ஒன்றுமில்லை என்றேன். மகளிடமும் அதே பழக்கம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூசை முடிந்து யாரிடமோ இழைப்புளி வாங்கி வந்திருக்கிறார். கதவைக் கழற்றி முற்றத்தில் சாய்த்து, மாலை வரை இழைத்தார். பக்கத்து வீட்டு ஷீலா எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, குவார்ட்டர்ஸ் கதவ உங்க இஷ்டத்துக்குச் சீவுறீங்க? பி.டபிள்யூ.டி. வாலா வந்தா?" என்றாள்.

"வரட்டும். பதினோரு வருசமா கம்ப்ளெயிண்ட் குடுத்தும் வரல, இப்ப வந்துருவானாக்கும்."

மாட்டிய பிறகு சாத்தினார். திறந்தார். சாத்தினார். உள்ளே நான், வெளியே அவர். கதவின் அந்தப் பக்கமிருந்தே கேட்டார்:

"மறுபடி எப்ப?"

"இருபத்தி நாலு."

"ரெண்டு மணி நேரம்தான?"

"ஆமாங்க."

"ம்."

ஆகஸ்ட் 24, சனி

எழுதினேன். முழுவதும்.

வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் ஷீலா எதையோ கொண்டு வந்தாள். சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்டது. "அக்கா தூங்குறாங்களா?" "இல்ல. போ." "ஏன் ரகசியமாப் பேசுறீங்க?" "போன்னேன்ல." பிறகு சத்தமே இல்லை. அவருடைய இருமல்கூட இல்லை. காலையிலிருந்து இருமிக்கொண்டிருந்தவர்.

கதவைத் திறந்தபோது மடியில் என் சீட்டுக் கட்டு. தலைகீழாகப் பிடித்திருந்தார். "இவ்வளவுமா படிச்ச?" என்றார். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளில் இதுதான்... வேண்டாம். அழுதால் நிறுத்த மாட்டேன்.

2025 மார்ச் 14

இடம் கிடைத்துவிட்டது. கடிதத்தை நான்கு முறை படித்தேன், அனுமதிதான். இனி அலுவலகத்தில் படிப்பு விடுப்புக்கு எழுத வேண்டும். ஜஸ்டினிடம் சொன்னேன். "குளிருமே" என்றார். சிறிது நேரம் கழித்து, "ரெண்டு வருசம்" என்றார். கேள்வியா, கணக்கா, தெரியவில்லை. ராத்திரி என் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நானும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான்கு விரல் இடைவெளி.

ஆகஸ்ட் 9

விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருப்பதாகச் சொன்னார்.

செப்டம்பர் 21, ஞாயிறு, அயோவா

முதல் பாடப்பயிற்சியில் பத்துக்கு நான்கு. என் தேங்காய்க் கணக்கு எங்கே பிசகும் என்று பேராசிரியர் அரை மணி நேரம் விளக்கினார். எத்தனை வருஷம் காத்திருந்தேன் இதற்கு.

கடல் இல்லாத ஊர். என் அறைக்கு நல்ல கதவு, தொட்டாலே சாத்திக்கொள்ளும். யாரும் தட்டுவதில்லை, தள்ளிக்கொண்டு வந்து சோறு கேட்பதும் இல்லை.

ஒரு சொற்சீட்டை மடித்துக் கதவடியில் செருகி வைத்திருக்கிறேன். நான்கு விரல் திறந்து நிற்கிறது.