என் வரிகளைப் பார்க்காதவள்

பிஷ்கெக், செவ்வாய்

சைக்கால்,

நீ என்னோடு சண்டை போட்டு விலகிய பிறகு, பார்வையற்றோருக்கான நம் வாசிப்பு மென்பொருளில் கிர்கிஸ் உச்சரிப்புப் பகுதியை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலிருந்தே எழுதினேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தேன். ஆனால் அலுவலக மடிக்கணினியில், அலுவலக மின்னஞ்சல் முகவரியோடு. இப்போது அது தங்கள் சொத்து என்கிறார்கள் கம்பெனியில்.

"ஒப்பந்தத்தப் படிச்சியாம்மா? நீ கனவுல எழுதினாலும் கம்பெனிக்குத்தான்" என்றார் மேலாளர் தாலாய்.

"அப்ப நான் காணுற கெட்ட கனவுக்கும் நீங்கதான் பொறுப்பா அண்ணே?"

சிரித்தபடியே காகிதத்தை நீட்டினார். பொதுவில் வைக்க எனக்கு உரிமை இருந்ததில்லை என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். கையெழுத்துப் போடவில்லை, வேலையை விட்டுவிட்டேன்.

வழக்கு வராதிருக்க, நான் எழுதிய நிரல் வரிகளை மென்பொருளிலிருந்து நீக்கிவிட்டேன். பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி இப்போது கிர்கிஸ் மொழியை வாசிப்பதில்லை. தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது.

அந்தப் பகுதியை நீ புதிதாக எழுது. இந்த வேலை தெரிந்தவர்களில் என் வரிகளைப் பார்க்காதவள் நீ ஒருத்திதான். நீ எழுதுவதை அவர்கள் தங்களுடையது என்று சொல்ல முடியாது. பழைய கோப்பு எங்காவது கிடைத்தாலும் திறக்காதே, பார்த்து எழுதினால் நகல் என்பார்கள். எப்படி எழுதினேன் என்று நானும் சொல்ல மாட்டேன்.

முடிக்கும்வரை என்னிடம் பேசாதே. அது உனக்குப் பழக்கம்தான். முடிந்த அன்று கூப்பிடு, எடுப்பேன்.

உன் பழைய கூட்டாளி