மச்சான் வீசும்போது

ஆடி 14, செவ்வாய்

கல்லூரியில் டேப்லெட் கொடுத்ததிலிருந்து விடைகளை வாயால் சொல்லியே பதிகிறேன். போன வாரம் மீன்வளப் பாடத்துக்கு, "கச்சான் வீசும்போது" என்று சொன்னேன். எங்கள் திருப்பாலைக்குடியில் மேல்காற்றுக்கு அதுதான் பேர். டேப் அதை "மச்சான் வீசும்போது" என்று எழுதியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "நீ ஓடு, விடைய நா தளத்துல ஏத்திவிடுறேன்" என்று டேப்பை வாங்கிக்கொண்டாள் செல்வி. அவள் விடுதியில் இருப்பவள்.

இன்று சார் இரண்டு விடைகளைத் திரையில் போட்டார். என்னுடையது ஒன்று, அவளுடையது ஒன்று. இரண்டிலும் மச்சான் வீசினான். வகுப்பே சிரித்தது.

"யாரு யாரப் பாத்து எழுதுனது?"

செல்விதான் முதலில் எழுந்தாள். "அவதான் சார். என்னோடதப் பாத்து எழுதிட்டா."

அவளுடையது பத்து நிமிடம் முன்னால் ஏறியிருந்தது. சார் நேரத்தைத்தான் பார்த்தார். எனக்குப் பூஜ்யம். எங்கள் வீட்டில் வந்து நோன்புக் கஞ்சி குடித்தவள் அவள்.

இப்போது மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். "கோவிச்சுக்காதடி. நாளைக்கு சார் வாய்மொழித் தேர்வு வைக்கிறாராம். அந்த மச்சான் சரியா என்ன வார்த்தைடி? கடலே இல்லாத அபிராமத்துக்காரிக்கு எங்கிட்டுத் தெரியும்?"

கச்சான் என்று கையாலேயே தட்டினேன். இந்தத் தடவை டேப் சரியாகத்தான் காட்டியது.

அழித்துவிட்டேன்.